முதியவர் அருகில் இரண்டு மணி நேரம்: தன்னார்வலருக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு பாடம்

வீரபாண்டியிலும் அதைச் சூழ்ந்த பனியன் கம்பெனிப் பகுதிகளிலும் நேரத்தை ஷிப்ட் கணக்கில்தான் அளக்கிறோம். காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை ஐந்தரைக்கு முடிந்தால் ஒரு ஷிப்ட். இரவு எட்டரை வரை நீண்டால் ஒன்றரை ஷிப்ட். ஏற்றுமதித் தேதி நெருங்கும் வாரங்களில் அது இன்னும் நீளும். தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று கணவனும் மனைவியும் ஆளுக்கொரு கம்பெனிக்குப் புறப்பட்ட பிறகு, வீட்டில் எஞ்சியிருப்பவர் பெரும்பாலும் ஒரு முதியவரே. அவர் நடமாடும் வரையில் வீட்டுக்குக் காவலும் பேரக்குழந்தைக்குத் துணையும் அவர்தாம். ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தாலோ, பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தாலோ, அந்த ஏற்பாடு முழுவதும் குலைந்துவிடுகிறது. வீட்டில் ஒருவர் வேலையை விட வேண்டும். அல்லது முதியவர் பன்னிரண்டு மணி நேரம் தனித்துக் கிடக்க வேண்டும். இரண்டும் இயலாதபோது முதியோர் இல்லத்தை நாட வேண்டும்.

அவ்வாறான குடும்பத்தார் மருத்துவமனையில் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க ஓர் ஆள் கிடைப்பாரா?" மருந்து கொடுக்கச் செவிலியர் இருக்கிறார், உடம்பு துடைக்கவும் துணி மாற்றவும் கூலிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு மட்டும் ஆள் இல்லை. அந்தச் 'சும்மா' என்ற சொல்லுக்குள் எவ்வளவு மருத்துவம் அடங்கியுள்ளது என்பதையும், அந்த இடத்தை ஒரு தன்னார்வலர் எவ்வாறு நிரப்பலாம், எங்கே நின்றுவிட வேண்டும் என்பதையும் இந்தப் பாடத்தில் காண்போம்.

அருகில் ஒருவர் இருப்பது என்ன செய்கிறது?

எழுபது வயதைக் கடந்த ஒருவர் சிறுநீர்த் தொற்றுக்காகவோ எலும்பு முறிவுக்காகவோ மருத்துவமனையில் சேர்கிறார். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, மாலை சாயும் வேளையில், தாம் எங்கிருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியாமல் போகிறது. மகனைத் தம்பி என்று நினைத்துப் பேசுகிறார். இறந்துபோன மனைவி சோறு கொண்டு வரவில்லையே என்று கோபிக்கிறார். குளுக்கோஸ் ஏறும் ஊசியைப் பிடுங்கிவிடுகிறார். "நேற்று வரை நன்றாக இருந்தாரே, புத்தி பேதலித்துவிட்டதா?" என்று குடும்பம் நடுங்குகிறது.

மருத்துவர்கள் இதனை டெலிரியம் என்பர். திடீர் மனக்குழப்பம் என்று நாம் சொல்லலாம். ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வளரும் மறதி நோயாகிய டிமென்ஷியா வேறு. மணிக்கணக்கில் வந்து, காலையில் தெளிந்து, இரவில் கூடும் இது வேறு. மறதி நோய் உள்ளவர்க்கு இது எளிதில் வரும் என்பதால் இரண்டும் ஒன்றெனத் தோன்றும். காய்ச்சல், உடலில் நீர் குறைதல், சோடியம் குறைதல், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, வலி, சிலவகைத் தூக்க மாத்திரைகள், தூக்கமின்மை ஆகியவை இதனைத் தூண்டும். கண்ணாடியும் செவிக்கருவியும் வீட்டிலேயே தங்கிவிடுவதும் ஒரு காரணம். பார்வையும் ஒலியும் மங்கிய மனிதரைப் புதிய அறையில் படுக்க வைத்து, இரவும் பகலும் ஒரே விளக்கை எரியவிட்டால் அவர் மனம் எதைப் பற்றிக்கொண்டு நிற்கும்?

இதில் மற்றொரு வகையும் உண்டு, அது கூச்சலிடாது. முதியவர் அசைவற்று, பேச்சற்று, உணவில் நாட்டமின்றி உறக்கத்திலேயே கிடப்பார். "இன்று தொந்தரவு இல்லை, அமைதியாக இருக்கிறார்" என்று நாம் மகிழ்வோம். உண்மையில் அந்த அமைதியும் டெலிரியமாக இருக்கலாம். அது கவனிக்கப்படாமலே போவதால் ஆபத்தும் மிகுதி. ஒரே முதியவரை வாரந்தோறும் பார்க்கும் தன்னார்வலர் ஒருவர், "போன வாரம் பேசியவர் இன்று கண்ணைத் திறக்கவில்லையே" என்று செவிலியரிடம் சொல்வதற்குப் பெருமதிப்பு உண்டு.

டெலிரியத்தைத் தடுக்க இயலுமா என்பதை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் ஷேரன் இனூயியும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து, முடிவை 1999-இல் வெளியிட்டனர். எழுபது வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளிகள் அந்த ஆய்வில் இருந்தனர். ஒரு பகுதியினர்க்கு வழக்கமான சிகிச்சை. மற்றொரு பகுதியினர்க்கு வழக்கமான சிகிச்சையுடன், பயிற்சி பெற்ற ஒரு குழுவின் அன்றாடக் கவனிப்பும் சேர்ந்தது. அந்தக் குழுவில் தன்னார்வலர்களுக்கு முக்கியப் பங்கு இருந்தது. அவர்கள் செய்தவை அரிய காரியங்கள் அல்ல. இன்று என்ன நாள், இது எந்த இடம், யார் மருத்துவர் என்று எடுத்துச் சொன்னார்கள். நாளுக்குப் பலமுறை எழுந்து நடக்கத் துணை நின்றார்கள். கண்ணாடியும் செவிக்கருவியும் பயன்படுகின்றனவா என்று பார்த்தார்கள். தண்ணீர் குடிக்கத் தூண்டினார்கள். இரவில் தூக்க மாத்திரைக்கு முன்பாக வெதுவெதுப்பான பானமும், முதுகை நீவிவிடுதலும், மெல்லிசையும் தந்து பார்த்தார்கள்.

வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 15 சதவீதத்தினர்க்கு டெலிரியம் வந்தது. இந்தக் கவனிப்பைப் பெற்றவர்களில் 9.9 சதவீதத்தினர்க்கு வந்தது. அதே ஆய்வில் கண்ட இன்னொரு செய்தியைக் குடும்பத்தார் குறித்துக்கொள்ள வேண்டும். டெலிரியம் வந்துவிட்ட பிறகு, அதன் கடுமையை இந்த முறையால் குறிப்பிடத்தக்க அளவுக்குக் குறைக்க முடியவில்லை. ஆகவே, தாத்தா குழம்பிப் பேசத் தொடங்கிய பிறகு ஆள் தேடுவதைக் காட்டிலும், அவர் தெளிவாக இருக்கும் முதல் நாளிலேயே அருகில் ஒருவரை அமர்த்துவது பயன் தரும்.

பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால்

மேல்நாட்டு மருத்துவமனையின் கணக்கு நமக்கு ஒத்துவருமா என்று கேட்கலாம். நமக்கு அண்மையிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1993-இல் கோழிக்கோட்டில், மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் ஆகியோரும் அவர்களுடைய தோழர்களும் வலி தணிப்புக்காக ஒரு சங்கத்தைத் தொடங்கினர். அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரியில் சிறிய அளவில் இயங்கத் தொடங்கிய அந்தச் சிகிச்சையகத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் புற்றுநோயாளிகள். எழுந்து வர இயலாதவர்கள் வீட்டிலேயே கிடந்தனர். அவர்களை நாடிச் செல்ல எத்தனை மருத்துவர் இருந்தாலும் போதாது என்பது விரைவில் விளங்கியது.

2000-த்தை ஒட்டிய ஆண்டுகளில் மலப்புரம், கோழிக்கோடு மாவட்டங்களில் ஒரு புதிய முறை உருவாகி வளர்ந்தது. அக்கம்பக்கத்தாரையே பராமரிப்பின் நடுவில் நிறுத்திய முறை அது. வாரத்தில் குறைந்தது இரண்டு மணி நேரம் தர இயன்ற எவரும் சேரலாம். அவர்களுக்குப் பதினாறு மணி நேர வகுப்புப் பயிற்சியும், நோயாளிகளை நேரில் கண்டு பழகும் பயிற்சியும் உண்டு. ஆசிரியர், கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், இல்லத்தரசி, மாணவர் எனப் பலரும் சேர்ந்தனர். தத்தம் தெருவில் யார் படுக்கையில் இருக்கிறார், யார் தனித்திருக்கிறார் என்பதை அவர்களே கண்டறிந்தனர். செவிலியர் வீட்டுக்குச் சென்று புண்ணுக்கு மருந்திடுவார். மருத்துவர் தேவையானபோது வருவார். இடைப்பட்ட நாள்களில் தன்னார்வலர் போய்வருவார். அரிசி இல்லாத வீட்டுக்கு அரிசியும், பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்குப் பணமும் திரட்டியவர்கள் அவர்களே. நாளடைவில் பக்கவாதம் கண்டவர்கள், மூப்பினால் தளர்ந்து படுத்துவிட்டவர்கள் ஆகியோரையும் இந்த ஏற்பாடு தன்னுள் சேர்த்துக்கொண்டது. 2008-இல் கேரள அரசு வலி தணிப்புப் பராமரிப்புக்கென ஒரு கொள்கையை அறிவித்து, ஊராட்சிகளையும் இப்பணியில் இணைத்தது.

அங்கே தன்னார்வலருக்குப் பின்னால் ஒரு செவிலியரும், செவிலியருக்குப் பின்னால் ஒரு மருத்துவரும் இருக்கிறார்கள். இந்தத் தொடர்ச்சியை நாம் கவனிக்க வேண்டும். அது இல்லாத இடத்தில், படுக்கைப்புண்ணைக் கண்டு கலங்கி நிற்கும் நல்ல மனிதர் ஒருவரால் அடுத்து எதுவும் செய்ய முடியாது.

தமிழகத்திலும் இத்தகைய தொடர்ச்சிக்கு வழி உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன; படுக்கையில் இருப்பவர்க்கு இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் இத்திட்டத்தின் பகுதிகளே. தங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதியவரின் பெயரைப் பதிந்துவைப்பது குடும்பத்தார் செய்ய வேண்டிய முதல் வேலை. தன்னார்வலரும் அங்குள்ள செவிலியரை அறிந்துவைத்திருக்க வேண்டும்.

கிழமை தவறாமை

முதியோர் இல்லம் ஒன்றில் பொறுப்பிலிருப்பவரிடம் பேசிப்பாருங்கள். உதவிக்கு வருவோர் இல்லை என்று அவர் சொல்லமாட்டார். பிறந்தநாளுக்கு வருகிறார்கள்; திருமண நாளுக்கு வருகிறார்கள்; தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் மூன்று குழுவினர் பிரியாணி கொண்டு வருகிறார்கள். படம் எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை எவரும் வருவதில்லை. அன்னதானம் நல்லது, அதனைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஆனால் சர்க்கரை நோயுள்ள முதியவர்க்கு ஒரே நாளில் மூன்று இனிப்புகளும் மற்ற நாள்களில் மௌனமும் தருவதைப் பராமரிப்பு என்று சொல்ல இயலாது.

சென்னையில் 1978-இல் ஆதரவற்ற மூதாட்டியர்க்காக 'விச்ராந்தி' இல்லம் தோன்றியது. அதனை நிறுவிய சாவித்திரி வைத்தி அம்மையாரும் அவருடைய தோழியரும் நடத்திய சங்கத்துக்கு 'மண்டே சாரிட்டி கிளப்' என்று பெயர். திங்கட்கிழமை அறச்சங்கம் என்று பொருள். சங்கத்தின் பெயரிலேயே ஒரு கிழமை இருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எப்போது இயலுமோ அப்போது என்று வைத்துக்கொண்ட தொண்டு, வேலை குவியும் முதல் வாரத்திலேயே நின்றுவிடும்.

முதியவர் பக்கத்திலிருந்தும் இதனைப் பார்க்க வேண்டும். இல்லத்தில் இருப்பவர்க்கு நாள்கள் ஒன்றுபோலவே நகர்கின்றன. "வியாழக்கிழமை அந்தப் பெண் வரும்" என்பது அவருக்கு வாரத்தைப் பிரித்துக் காட்டும் அடையாளம். அன்று தலைசீவிக்கொள்வார், நல்ல சேலையைக் கேட்பார். அந்த வியாழக்கிழமை எவரும் வராவிட்டால், காரணம் அறியாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆகவே வாரத்தில் ஒரு நாள் இயலாதவர் மாதத்தில் இரண்டு நாள் என்று முதலிலேயே சொல்லிவிடட்டும். ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவரிடம் ஞாயிற்றுக்கிழமையையும் கேட்பது பெரிய கேட்பு. அவர் மாதத்தில் இரண்டு ஞாயிறு தந்தால் போதும், தவறாமல் தர வேண்டும். வர இயலாத நாளில் முதல் நாளே தொலைபேசியில் முதியவரிடம் நேரடியாகச் சொல்ல வேண்டும். அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டால் போதாது.

இப்பணிக்கு மிகப் பொருத்தமானவர்கள் யாரென்றால், ஐம்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடைப்பட்டு நல்ல உடல்நலத்துடன் இருப்பவர்கள் என்பேன். கண் மங்கியதால் தையல் மெஷினை விட்டுவிட்ட பெண்கள் இங்கே பலர் உள்ளனர். அவர்களுக்குப் பகலில் நேரம் இருக்கிறது. முதுமை அவர்களுக்கு அந்நியமும் அன்று. கல்லூரி மாணவர்கள் நாட்டு நலப்பணித் திட்டத்தின் வழியாக வரலாம். அவர்கள் படிப்பு முடிந்து போகும்போது முறையாக விடைபெற்றுச் செல்ல வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கேயே குடும்பமாகிவிட்டவர்களின் பெற்றோரும் இப்போது நம் வார்டுகளில் படுத்திருக்கிறார்கள். இந்தியோ ஒடியாவோ பேசத் தெரிந்த ஒருவர் அவர்கள் அருகில் அமர்ந்தால், வலி எங்கே என்று கேட்டுச் சொல்வதற்காவது உதவும்.

அமர்வதும் பேசுவதும் ஊட்டுவதும்

முதல் நாள் செல்லும்போது எதையும் வாங்கிச் செல்ல வேண்டியதில்லை. கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருக்குமாயின் அன்று போகாதீர்கள். உங்களுக்குச் சிறிய சளி, அவருக்கு நிமோனியாவாக முடியலாம். கட்டிலில் அமராமல் நாற்காலி இட்டு, அவருடைய கண்மட்டத்துக்கு உங்கள் முகம் வரும்படி அமருங்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அடுத்த வாரமும் சொல்லுங்கள். "நான் யார் தெரிகிறதா?" என்று சோதிக்காதீர்கள். நினைவு தடுமாறும் ஒருவர்க்கு அந்தக் கேள்வி தேர்வு எழுதுவது போன்றது.

எவ்வாறு அழைப்பது என்பதை அவரிடமே கேளுங்கள். கொங்கு நாட்டில் தாய்வழியா தந்தைவழியா என்பதைப் பொறுத்து அப்பாரு, அப்பத்தா, அப்புச்சி, அம்மிச்சி என்று முறை மாறும். எல்லாரையும் தாத்தா, பாட்டி என்று அழைப்பது பிழையன்று. ஆயினும் சொந்தப் பேரக்குழந்தை அழைக்கும் சொல்லை வேற்றார் வாயில் கேட்க விரும்பாதவரும் இருப்பர். நாற்பது ஆண்டு சூப்பர்வைசராக இருந்தவர் ஒருவர்க்குப் பெயரோடு 'ஐயா' சேர்த்து அழைப்பதே நிறைவு தரலாம். எதுவாயினும் மரியாதைப் பன்மை குறையலாகாது. குழந்தையிடம் கொஞ்சுவது போன்ற மொழியை முதியவரிடம் பேசுவது அன்பென்று பலர் கருதுகின்றனர். கேட்பவர்க்கு அது தலைகுனிவு.

முதுமையில் முதலில் குறைவது கூர்மையான ஒலிகளைக் கேட்கும் திறன். உரக்கக் கத்தினால் நம் குரல் இன்னும் கூர்மையாகிவிடும். அவருக்குப் பயன் இராது. எதிரே அமர்ந்து, உதட்டசைவு தெரியும்படி, சற்றே தாழ்ந்த குரலில், மெதுவாகப் பேச வேண்டும். தொலைக்காட்சியின் ஒலியைக் குறைக்க வேண்டும். கண்ணாடியை வாங்கித் துடைத்துக் கொடுங்கள். செவிக்கருவியில் பேட்டரி உள்ளதா என்று பாருங்கள்.

பேச என்ன இருக்கிறது என்று புதியவர் பலர் தயங்குவர். இந்த ஊரில் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. முதல் சம்பளம் எவ்வளவு, எந்தக் கம்பெனி, கைமடிக்கப் போன வயது என்ன, நொய்யலில் குளித்ததுண்டா, ஊரிலிருந்து வந்தபோது எந்த வளவில் குடியிருந்தீர்கள் என்று கேட்டால் போதும். மறதி நோய் உள்ளவர்க்கு நேற்று உண்டது நினைவிராது. ஆனால் ஐம்பது ஆண்டுக்கு முந்திய செய்திகள் தெளிவாக வரும். சொல் வராதபோது கை பேசும். செக்கிங் மேசையில் வாழ்நாளைக் கழித்த மூதாட்டியின் கையில் மெல்லிய பனியன் துணிகள் சிலவற்றைக் கொடுத்தால், அவர் தையலைத் தடவிப் பார்த்து மடித்து அடுக்கத் தொடங்கலாம். மனம் அலைபாயும் மாலை வேளையில் அந்த வேலை அவரை அமைதிப்படுத்தக்கூடும். அவர் மடித்ததைக் கண்முன்னே கலைத்துவிட்டு மீண்டும் மடிக்கச் சொல்லாதீர்கள்.

உணவு ஊட்டுவதற்குச் செவிலியரிடம் கற்றுக்கொண்ட பிறகே முன்வர வேண்டும். படுத்த நிலையில் ஒரு வாய் கஞ்சியும் கொடுக்கலாகாது. நன்றாக நிமிர்ந்து அமர்த்தி, மோவாய் சற்றே தாழ்ந்திருக்க, சிறு கரண்டியால், முதல் வாய் விழுங்கியதைக் கண்ட பிறகு அடுத்த வாய் தர வேண்டும். உண்ணும்போது பேச்சுக் கொடுக்க வேண்டாம். இருமல், தொண்டையில் களகளப்பு, குரல் ஈரமாக மாறுதல் ஆகியவை தோன்றினால் உடனே நிறுத்திச் செவிலியரை அழைக்க வேண்டும். பக்கவாதம் கண்டவர்க்கு உணவு மூச்சுக்குழாயில் இறங்குவது இருமலின்றியும் நிகழும் என்பதால், அவர்க்கு ஊட்டுவதைத் தன்னார்வலர் தாமாக மேற்கொள்ளவே கூடாது. உண்ட பின் அரைமணி நேரமாவது நிமிர்ந்தே இருக்கட்டும். தண்ணீரும் அப்படித்தான்: பலர்க்கு அடிக்கடி ஒரு வாய் தேவை, இதயத் தளர்ச்சியோ சிறுநீரக நோயோ உள்ளவர்க்கு அளவு உண்டு. கேட்டுக் கொடுங்கள்.

செய்யலாகாதவை

மாத்திரையை எடுத்துக் கொடுப்பது, இன்சுலின் போடுவது, புண்ணைத் திறந்து பார்ப்பது, தனியாளாகத் தூக்கிக் கட்டிலிலிருந்து இறக்குவது இவை தன்னார்வலர் வேலையல்ல. விழுந்துவிட்ட முதியவரைப் பதறித் தூக்குவதே நம் இயல்பு. எலும்பு முறிந்திருந்தால் அதுவே கேடாகும். அசைக்காமல் தலையணை வைத்து, போர்வை போர்த்தி, உதவிக்குக் குரல் கொடுங்கள்.

பணத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். நம்பிக்கை வளர்ந்ததும் முதியவர் ஏடிஎம் அட்டையைக் கொடுத்து, "ஐந்நூறு எடுத்து வா கண்ணு" என்பார். வேண்டாம். கடன் வாங்காதீர்கள், கொடுக்காதீர்கள், பத்திரத்திலோ உயிலிலோ சாட்சிக் கையெழுத்து இடாதீர்கள். நல்ல உள்ளத்தோடு செய்த உதவி, பின்னாளில் உடன்பிறந்தார் சண்டையில் உங்களைக் கூண்டில் நிறுத்தும். படம் எடுப்பதும் அவ்வாறே. முகத்தில் உணவு ஒட்டியிருக்கும் நிலையில் ஒரு மனிதரின் படம் வாட்ஸ்அப்பில் உலவுவதை அவருடைய தெளிந்த நாள்களில் அவர் ஒப்பியிருப்பாரா என்று எண்ணிப் பாருங்கள்.

சில சமயம் முதியவர் மெல்லிய குரலில், வீட்டில் அடிக்கிறார்கள் என்றோ, உணவு தருவதில்லை என்றோ, கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள் என்றோ சொல்லக்கூடும். அது உண்மையாக இருக்கலாம். மனக்குழப்பத்தின் கற்பனையாகவும் இருக்கலாம். தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலையன்று. காதில் வாங்கியதை அழித்துவிடுவதும் கூடாது. அவர் சொன்ன சொற்களிலேயே குறித்துக்கொண்டு, அன்றைக்கே செவிலியரிடமோ இல்லப் பொறுப்பாளரிடமோ சொல்லுங்கள். பொறுப்பாளர் மீதே புகார் என்றால் முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நல்வாழ்வுச் சட்டம், 2007 நடப்பில் உள்ளது. பராமரிப்புத் தொகை கோரி வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முதியவரே மனு அளிக்கலாம். முதியவரைக் கைவிட்டுவிடுவது அச்சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம்.

குடும்பத்தாரிடம் சில சொற்கள்

வேற்று மனிதர் ஒருவர் தம் தாயின் அருகில் அமர்ந்திருப்பதைக் காணும்போது பிள்ளைகளுக்கு ஒருவகைக் கூச்சம் வரும். "நாங்கள் இல்லாமல் போய்விட்டோமா?" என்று சிலர் கேட்டதுண்டு. தன்னார்வலர் மகளின் இடத்துக்கு வருபவரல்லர்; இரண்டு மணி நேரத்தில் எவரும் அந்த இடத்தைப் பிடிக்க முடியாது. அந்த இரண்டு மணி நேரத்தில் மருமகள் உறங்கலாம், வங்கிக்குப் போகலாம், தம் குழந்தையின் பள்ளிக் கூட்டத்துக்குப் போகலாம். பராமரிப்பவர் களைத்துச் சரிந்தால் முதியவர்க்கும் பராமரிப்பு இல்லை என்பதை மருத்துவர்கள் நாள்தோறும் காண்கிறார்கள். உறங்கியதற்காக எவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம்.

ஆனால் தன்னார்வலரைக் கூலியில்லா வேலையாளாக மாற்றிவிடவும் கூடாது. "வந்ததுதான் வந்தீர்கள், இந்த டயப்பரையும் மாற்றிவிடுங்கள்" என்று தொடங்கி, சமையலறை வரை போன வீடுகள் உண்டு. அப்படிப்பட்ட வீட்டுக்கு நான்காம் வாரம் எவரும் வருவதில்லை. முழுநாள் ஆள் தேவையென்றால் அதற்குரிய ஊதியம் கொடுத்து வைத்துக்கொள்வதே நேர்மை.

முதியவர் ஒப்புக்கொள்கிறாரா என்பதையும் கேட்க வேண்டும். வாழ்நாள் முழுதும் தனிமையை விரும்பிய மனிதர் ஒருவர்க்கு, முன்பின் அறியாதவர் வந்து குடும்பக் கதை கேட்பது தொல்லையாக இருக்கலாம். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து, செய்தித்தாள் வாசித்துக் காட்ட ஒருவர் வரட்டுமா என்று வேறுவிதமாகக் கேட்டுப் பாருங்கள்.

இறுதி நாள்களும் வரும். தன்னார்வலர் தொடர்ந்து கண்ட முதியவர் ஒரு வாரம் இருக்கமாட்டார். கட்டில் காலியாக இருக்கும், அல்லது வேறொருவர் படுத்திருப்பார். பொறுப்பாளர் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிடுவது முறை. துக்க வீட்டுக்குத் தன்னார்வலரையும் அழையுங்கள். உங்கள் தாயார் கடைசி ஆறு மாதத்தில் என்னென்ன பேசினார் என்பதில், உங்களுக்குத் தெரியாத சிலவற்றை அவர் அறிந்திருப்பார்.

இந்த வாரப் பயிற்சி

குடும்பத்தார் ஒரு தாளை எடுத்து, தன்னார்வலரும் செவிலியரும் படிப்பதற்காக, முதியவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். நோயின் பெயரை எழுத வேண்டாம். அது கோப்பில் இருக்கிறது. இயன்றால் முதியவரிடமே கேட்டு, அவர் சொல்வது போலவே எழுதுங்கள். மாதிரிக்கு ஒன்று:

"என்னை அப்பத்தா என்று கூப்பிட்டால் போதும். இடது காது கேட்காது; வலப்பக்கம் வந்து உட்காருங்கள். கண்ணாடி தலையணைக்கு அடியில் இருக்கும். முப்பது வருடம் கைமடித்தேன், பிறகு செக்கிங். காலையில் காபி, சர்க்கரை இல்லாமல். தயிர் சாதம் பிடிக்கும், ரொட்டி இறங்காது. என் பெரிய மகன் இறந்துவிட்டான். சில நாள் அவனைத் தேடுவேன். அப்போது அவன் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லாமல், அவனைப் பற்றிப் பேசவிடுங்கள். சாயங்காலம் ஐந்தரை ஆனால் கம்பெனி விட்டாச்சு, வீட்டுக்குப் போக வேண்டும் என்று எழுந்திருப்பேன். கையைப் பிடித்துக்கொண்டு வராந்தா வரை நடக்க வைத்துத் திரும்பக் கூட்டிவாருங்கள். இரவு விளக்கை முழுக்க அணைக்க வேண்டாம்."

எழுதிய தாளைக் கட்டிலின் தலைமாட்டில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டாமல், செவிலியரிடம் ஒரு படியும், வருகின்ற தன்னார்வலரிடம் ஒரு படியும் கொடுத்துவையுங்கள். மாதம் ஒருமுறை திருத்துங்கள். பிடித்த உணவும் நடக்கும் தூரமும் மாறிக்கொண்டே இருக்கும்.